கேட்காத மன்னிப்பு

விழுப்புரம் தாண்டியதும் மங்கையர்க்கரசி தான் கேட்ட மன்னிப்பைப் படித்தாள். அப்படி ஒரு மன்னிப்பை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து கிளம்பிய காலை ரயில். ஜன்னலோர இருக்கை, மடியில் டேப்லெட். அதில் 'வெற்றிக்கோடு' என்ற விளையாட்டு வார இதழை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பத்திரிகை நின்றுபோய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் இப்போது நின்றுபோன பத்திரிகை என்று எதுவும் கிடையாது. தமிழில் அச்சான வார, மாத இதழ்கள் அத்தனையும் இதழகம் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டன. சந்தா கட்டினால் ரயிலிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து எந்த ஆண்டையும் புரட்டலாம். பழுப்பேறிய தாள், தைத்த கம்பி துருப்பிடித்த கறை, அட்டையில் யாரோ பேனாவால் எழுதிவைத்த பெயர், எல்லாம் அப்படியே தெரியும்.

அவள் தேடியது ஒரு பழைய இறுதி ஆட்டத்தின் செய்தியை. அந்த ஆண்டு மாநிலப் பெண்கள் வாலிபால் அணிக்கு அவள் கேப்டன். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் அணியின் மேலாளர் கருணாகரமூர்த்தி, ஜெயசீலி என்ற ஆட்டக்காரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சீலி அறுந்த செருப்போடு மாடியிலிருந்து ஓடிவந்தாள். மறுநாள், மேலாளர் மைதானத்தை விட்டுப் போகும்வரை அணி களம் இறங்காது என்று மங்கை மாநில வாலிபால் சங்கத்தாரிடம் சொன்னாள். மேலாளர் போகவில்லை. அணி கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தது. நடுவர் விசில் ஊதி எதிரணிக்கு வெற்றியைக் கொடுத்தார். மங்கைக்கு விளையாடத் தடை வந்தது, கிடைக்கவிருந்த ரயில்வே வேலை போனது. அந்த வாரமே அவளுடைய அப்பா அவளை நாக்பூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இதுவரை 'வெற்றிக்கோடு' ஒழுங்காகவே எழுதியிருந்தது. அடுத்த வார இதழின் நடுப்பக்கத்தில்தான் அது இருந்தது. "ஜெயசீலியின் பேச்சை நம்பி ஏமாந்துவிட்டேன். மேலாளர் எனக்குத் தந்தை போன்றவர். ரசிகர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன்" என்று கேப்டன் கண்ணீர் மல்கக் கூறினாராம். பக்கத்தில் அவள் படம். படத்தில் அவள் குனிந்திருந்தாள்.

மதுரையில் இருந்த வழக்கறிஞர் ஷர்மிளா பானுவுக்கு உடனே போன் செய்தாள். மறுநாள் நடக்கவிருந்த விசாரணைக்கு மங்கையைச் சாட்சியாக அழைத்தவள் பானுதான். கருணாகரமூர்த்தி இறந்துபோய்ப் பல வருடங்களாகின்றன. அவர் பெயரில் மதுரையில் ஒரு வாலிபால் அகாடமி நடக்கிறது. அங்கே பயிற்சி பெறும் இரண்டு பெண்கள் தங்கள் கோச் மீது புகார் கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட புகார்களைச் சங்கம் முன்பும் அமுக்கியிருக்கிறது என்று சொல்லத்தான் மங்கை போய்க்கொண்டிருந்தாள்.

பானு அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். சங்கத்தின் வழக்கறிஞர் முந்தின நாள்தான் அதைத் தாக்கல் செய்திருந்தார்.

"பதட்டப்படாதீங்க மேடம். பக்கத்தோட இடது ஓரத்துல நீலமா ஒரு கோடு தெரியுதா?"

மங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மயிரிழை போல ஒரு கோடு இருந்தது.

"அது நிரப்பி எழுதினது. அந்த இதழ் பாதிதான் கெடச்சிருக்கு. கெடைக்காத பக்கத்துல என்ன இருந்திருக்கும்னு இதழகத்தோட மெஷினே கணக்குப் போட்டு எழுதிடும். படமும் அதுவே செய்யும்."

"என்ன கணக்கும்மா அது? நான் என்ன செஞ்சேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா அந்தக் காலத்துப் பத்திரிகை அத்தனையும் படிச்சிருக்கு. இந்த மாதிரி புகார் கொடுத்த பொம்பளைங்க அடுத்த வாரம் என்ன செஞ்சாங்கன்னு பார்க்குது. வாபஸ் வாங்கினாங்க, இல்ல மன்னிப்புக் கேட்டாங்க. நூத்துக்குத் தொண்ணூறு பக்கத்துல அதான் இருக்கு. அதனால நீங்களும் கேட்டிருப்பீங்கன்னு போட்டுடுச்சு."

தெரியாத பக்கத்தைக் காலியாக விட்டால் என்ன என்று மங்கை கேட்டாள். காலிப் பக்கத்தில் விளம்பரம் போட முடியாதே என்றாள் பானு. சட்டத்தையும் அவளே விளக்கினாள். நிரப்பி எழுதிய பக்கத்தை, அதில் வரும் ஆள் உயிரோடு வந்து மறுத்தால், விசாரணையில் ஒதுக்கிவிட வேண்டும். இதழகமும் திருத்திவிடும். ஆனால் அச்சான அசல் எங்காவது கிடைத்துவிட்டால் கதை வேறு. அசலை யாரும் தொட முடியாது, அது சான்றாக நின்றுவிடும். அசல் எங்குமே இல்லை என்று இதழகம் எழுதிக் கொடுத்திருப்பதால் பயமில்லை என்று பானு சொன்னாள்.

மங்கை ரயிலை விட்டுத் திண்டுக்கல்லில் இறங்கினாள். சீலி அங்கேதான் இருந்தாள், ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருந்தாள். பானு எத்தனை முறை கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை. மங்கைக்கு அது ஆச்சரியமாக இல்லை. நாக்பூரிலிருந்து அவள் போட்ட கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்திருந்தன. ஆட்டம் போனதற்குச் சீலி தன்னையே நொந்துகொள்கிறாள் என்று மங்கை முதலில் நினைத்தாள். பிறகு, ஊரறிய அவள் பேரை இழுத்துவிட்டதற்காக என் மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். அதன் பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டாள்.

மேட்டுப்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கதவைத் திறந்த சீலி முழுக்க நரைத்திருந்தாள், ஆனால் அதே உயரம், அதே நிமிர்வு. ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். ஒரு காலத்தில் அவள் மங்கையை "ஏக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றாள். மங்கைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. டேப்லெட்டைத் திறந்து நீட்டினாள். மெஷின் எழுதிய கூத்தைப் பார், எனக்குத் தந்தை போன்றவராம் என்று சிரிக்க முயன்றாள்.

சீலி சிரிக்கவில்லை. கடைசி வரி வரை படித்தாள். உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஒரு பத்திரிகையோடு வந்து மங்கையின் மடியில் வைத்தாள்.

"மெஷின் புதுசா ஒண்ணும் எழுதல. இது அப்பவே வந்தது."

'வெற்றிக்கோடு' இதழின் அதே வாரம். அதே நடுப்பக்கம். 'கேப்டன் மன்னிப்பு: வாலிபால் சர்ச்சை முடிந்தது' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. இதில் படம் இல்லை. வாக்கியங்கள் வேறாக இருந்தன. ஆனால் விஷயம் ஒன்றுதான். இந்தத் தாளைப் பார்க்காமலேயே, அந்தக் கணக்கு இங்கே வந்து சேர்ந்திருந்தது.

மங்கை தலைப்பை விரலால் தடவிப் பார்த்தாள். தெருவில் ஒரு ஆட்டோ நின்று போனது.

"இதைப் பார்த்துட்டுத்தான் லெட்டரைத் திருப்பினியா?"

"ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எல்லாரும் படிச்சாங்க. நான் பொய் சொன்னேன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு."

"நான் எழுதல, சீலி. எதுலயும் கையெழுத்துப் போடல. இப்படி ஒண்ணு வந்ததே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்." இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பிறகு கேட்டாள்: "ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

சீலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா? அதைத் தாங்க முடியாதுன்னுதான் கேக்கல."

அழுகை யாருக்கு முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. அழுது முடித்ததும் சீலி முகம் கழுவிவிட்டு வந்தாள். நாளைக்கு என்ன நடக்கும் என்று விசாரித்தாள். மங்கை எல்லாவற்றையும் சொன்னாள், அசல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும். சீலி யோசிக்கவே இல்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"ஒரு தீக்குச்சி போதும். அந்தப் புள்ளைகளுக்காவது நல்லது நடக்கட்டும்."

மங்கை எழுந்து போய் அதைக் கையிலிருந்து வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, தலைப்பைத் தாண்டிக் கீழே இருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். நான்காவது பத்தியில் ஒரு வரி இருந்தது. 'கேப்டன் எழுதியதாகக் கூறி ஒரு கடிதத்தை மேலாளர் நம்மிடம் வாசித்துக் காட்டினார்.' கடிதத்தை நிருபர் பார்த்ததாக எழுதவில்லை. கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். மெஷின் எழுதிய பக்கத்தில் கடிதமும் இல்லை, அதை வாசித்த மேலாளரும் இல்லை. அங்கே மங்கை தானே பேசினாள்.

மங்கை பானுவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வரியை வைத்து வாதாடலாம், ஆனால் தோற்கவும் செய்யலாம், தலைப்புதான் எல்லோர் கண்ணிலும் படும் என்றாள் பானு. "நீங்க அதைப் பார்க்கவே இல்லன்னு வெச்சுக்கலாம் மேடம். நானும் கேக்கல."

"அப்படி வெச்சுக்க முடியாதும்மா. நாளைக்கு ரெண்டு புள்ளைக நிஜத்தைச் சொல்ல வருது. நான் ஒண்ணை மறைச்சு வெச்சுக்கிட்டு அதுக பக்கத்துல எப்படி உட்காருவேன்? கருணாகரமூர்த்தி செத்துட்டான். அவன் பொய் சொன்னதுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தத் தாள். இதை எரிச்சா, அந்தப் பொய்யை யாருமே சொல்லலன்னு ஆயிடும்."

சீலி தீப்பெட்டியை அலமாரியில் வைத்தாள். ஒரு பையில் இரண்டு புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் முதல் பஸ்ஸில் போகலாம் என்றாள்.

விசாரணை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மெலிந்த அம்மாள். புகார் கொடுத்த இரண்டு பெண்களும் அகாடமிச் சீருடையில் வந்திருந்தார்கள். வேறு நல்ல உடுப்பு அவர்களிடம் இல்லையோ, அல்லது அதை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்தார்களோ, மங்கைக்குத் தெரியவில்லை.

சங்கத்தின் வழக்கறிஞர் மரியாதையானவர். நீலக்கோடு போட்ட பக்கத்தைத் திரையில் காட்டினார். இதை மறுக்கிறீர்களா என்று மங்கையிடம் கேட்டார். மறுக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் அத்தோடு அந்தப் பக்கம் விழுந்திருக்கும். அவள் உறையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தாள்.

அறையில் எல்லோரும் அதை எட்டிப் பார்த்தார்கள். வழக்கறிஞரின் முகம் மலர்ந்ததை மங்கை கவனித்தாள். ஆக இது உண்மையிலேயே அச்சில் வந்த செய்தி, மெஷின் சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றார். இரண்டு பெண்களில் ஒருத்தி மங்கையைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது.

மங்கை நான்காவது பத்தியைச் சத்தமாகப் படித்தாள். அந்தக் கடிதம் எங்கே என்று வழக்கறிஞரிடம் கேட்டாள். சங்கத்தின் கோப்புகளில் இருக்க வேண்டுமே, நாற்பது வருடம் பத்திரமாக வைக்க வேண்டிய கடிதம் இல்லையா அது? வழக்கறிஞர் தன் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். கடிதம் இல்லை.

"ஒரு ஆளு நான் எழுதினதாச் சொல்லி ஒரு கடுதாசியை வாசிச்சான். அதைப் பத்திரிகைக்காரர் போட்டார்" என்றாள் மங்கை. "அதைப் பார்க்காமலே ஒரு மெஷினும் அதையே எழுதுது. ஏன்னா பொம்பளைன்னா கடைசில இதைத்தான் செய்வான்னு அதுக்குப் பழக்கி வெச்சிருக்கீங்க. ரெண்டு தடவை என்னை மன்னிப்புக் கேக்க வெச்சாச்சு. என் வாய் என்கிட்டதான் இருக்கு. கேளுங்க, சொல்றேன்."

அவள் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் பின் வரிசையில் ஜெயசீலி எழுந்து நின்றாள். அவளை யாரும் அழைத்திருக்கவில்லை. அந்தப் பழைய புகாரைக் கொடுத்தவள் நான்தான், இதுவரை என்னிடம் யாருமே எதுவும் கேட்டதில்லை, நானும் சொல்லலாமா என்று நீதிபதியிடம் கேட்டாள். சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை என்று வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நீதிபதி அம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு, முன்னால் வந்து உட்காரச் சொன்னார்.

சீலி பேசும்போது அந்த இரண்டு பெண்களும் அசையவே இல்லை. பிறகு அவர்கள் முறை வந்தபோது, முந்தின நாள்வரை பானுவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள்.

கோச்சை அகாடமியிலிருந்து நீக்க அன்று மாலையே உத்தரவானது. வழக்கு போலீசுக்குப் போனது. அகாடமியின் பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு வேறொரு மனு போட வேண்டும் என்றாள் பானு. போடு என்றாள் மங்கை.

மறுநாள் இருவரும் சென்னை ரயிலில் ஏறினார்கள். சீலி திண்டுக்கல்லில் இறங்கவில்லை.

இதழகம் அதற்குள் அசலைப் பதிவேற்றியிருந்தது. மெஷின் எழுதிய பக்கம் போய்விட்டது. அதன் இடத்தில் அச்சான பக்கம், நீலக்கோடு இல்லாமல். இனி அது மாறாது. நாளைக்கு யாராவது அதைத் திறந்தால் கேப்டன் மன்னிப்புக் கேட்டாள் என்றுதான் கொட்டை எழுத்தில் படிப்பார்கள். மங்கை அதைச் சீலியிடம் காட்டினாள். நாலாவது பத்தி வரைக்கும் படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்றாள் சீலி.

அப்போது டேப்லெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. மதுரை விசாரணைப் பதிவு உள்ளிட்ட புதிய சான்றுகளின்படி சில பழைய பக்கங்கள் மீண்டும் செப்பனிடப்பட்டுள்ளன, பார்க்கவும் என்று. மங்கை தொட்டாள். 'குலக்கொடி' என்ற பெண்கள் மாத இதழ், அவள் பிறப்பதற்கு முந்தைய காலத்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் ஆலை. பட்டம்மாள் என்ற தொழிலாளியை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கை ஓங்கி அடித்தான். பெண்கள் ஆலை இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியின் மீதிப் பக்கம் கிடைக்கவில்லை. நேற்று வரை அந்தப் பக்கத்தில் பட்டம்மாள் மன்னிப்புக் கேட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். இன்றைக்கு அவள் ஆலை வாசலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தாள். 'என் வாய் என்னிடம்தான் இருக்கிறது. கேளுங்கள், சொல்கிறேன்.'

சீலி அதை இரண்டு முறை படித்தாள். "நல்லாத்தானே இருக்கு, ஏக்கா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா இதைச் சொல்லலையே. நான்ல சொன்னேன்."

"மன்னிப்புக் கேட்டதா இருக்கிறதுக்கு இது தேவலை."

"அவ என்ன செஞ்சாளோ, நமக்குத் தெரியாது. அவ வாயில எதையும் வைக்க அந்த மெஷினுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

பக்கத்தின் மூலையில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். உங்களுக்கும் பட்டம்மாளுக்கும் என்ன உறவு என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று எழுதினாள். சரியான வாசகம் என்ன என்று கேட்டது. தெரியாது, காலியாக விடவும் என்று எழுதினாள். 'தெரியாது' என்பதை வாசகமாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அவள் மறுபடி அதையே அனுப்பினாள். பதிலும் அதேதான் வந்தது. செங்கல்பட்டு வரும்வரை அவளும் அனுப்புவதை நிறுத்தவில்லை. நடுவில் எங்கேயோ சீலியும் தன் போனை எடுத்து அதையே அனுப்பத் தொடங்கியிருந்தாள்.

பானு அதை வழக்காக்கினாள். செய்தி வெளியே தெரிந்ததும், தங்கள் அம்மாவோ மாமனோ ஒருபோதும் பேசாத பேச்சைப் பழைய பத்திரிகைகளில் படித்துக் குழம்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். இதழகம் நெடுநாள் பிடிவாதமாக இருந்தது. கடைசியில், வழக்கு முடியும்வரை அந்த ஒரு பக்கத்தை மட்டும் காலியாக விடச் சம்மதித்தது. பட்டம்மாள் கதையின் இரண்டாம் பக்கம் வெள்ளையானது. அடியில் ஒரே வரி: 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை.'

அத்தனை இதழ்களிலும் அப்படி ஒரு பக்கம் அது ஒன்றுதான். அதனாலேயே அதைத் திறந்து பார்த்தவர்கள் ஏராளம்.

அவர்களில் ஒருவர், பஸ்ஸில் ராஜபாளையம் போய்க்கொண்டிருந்த ஒரு ஹோட்டல்காரர். அந்த இதழின் அட்டைப் படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த பெட்டியைக் கிளறி, அதே இதழை முழுசாக எடுத்தார். மங்கையின் பெயரைச் செய்தியில் படித்திருந்ததால் அவளுக்கே தபாலில் அனுப்பிவிட்டார்.

மங்கையும் சீலியும் அதைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்துப் படித்தார்கள். படித்துவிட்டுச் சீலி எழுந்து நின்று சிரித்தாள். மங்கை பானுவைக் கூப்பிட்டு, பக்கம் கிடைத்துவிட்டது என்றாள்.

அதில் என்ன இருக்கிறது, மன்னிப்பா, மறுப்பா என்று பானு கேட்டாள்.

மன்னிப்புதான் என்றாள் மங்கை. ஐந்தாம் நாள் காலையில், ஆலை வாசலில், எல்லோர் முன்னாலும். பட்டம்மாளிடம் கேட்டது மேஸ்திரி.